கார்வேட்டிநகரம் பர்ஃபர்ட் ஆக வேண்டுமா?

ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்து வெதுருகுப்பம், கார்வேட்டிநகரம் பக்கத்துப் பிள்ளைகள் பெங்களூரு, சென்னை தாண்டி இப்போது லண்டன் வரை போய்விட்டார்கள். விடுமுறைக்கு ஊர் வந்தால் கைப்பேசியில் படம் காட்டுவார்கள். தேன் நிறக் கல்வீடுகள், பாசி படிந்த கல் ஓடுகள், வாசலில் ரோஜாக் கொடி, வீதியை ஒட்டி ஓடும் சின்ன ஆறு. இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட்ஸ் வட்டாரம் என்பார்கள். பர்ஃபர்ட், பைபரி, சிப்பிங் கேம்ப்டன் என்று ஊர்ப் பெயர்கள் வரும். பேச்சு கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கும். நம்மிடம் என்ன குறை? அரண்மனை இருந்த ஊர், படிக்கட்டுக் குளம், பழைய கோயில், மலை, மாந்தோப்பு எல்லாம் இருக்கிறது. ஆள் வராததுதான் குறை. வந்துவிட்டால் ஊர் பிழைத்துக்கொள்ளும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பேச்சுக்குள் இரண்டு துணிபுகள் இருக்கின்றன. ஆங்கிலேய நாட்டுப்புறத்துச் சந்தை ஊர்கள் பார்க்க வந்தவர்களால் பிழைத்தன என்பது ஒன்று. இங்கும் ஆள் வந்தால் அதுவே நடக்கும் என்பது மற்றொன்று. இரண்டையும் தனித்தனியே உரசிப் பார்த்தால் முதலாவது பாதி உண்மை என்று தெரிகிறது. இரண்டாவதில் அந்தப் பாதியும் இல்லை.

முதலில் இங்கிலாந்து. பர்ஃபர்டின் பெரிய தெரு மேட்டிலிருந்து சரிந்து விண்ட்ரஷ் ஆற்றுப் பாலத்தில் போய் முடிகிறது. 11ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே சந்தை கூட்டும் உரிமை பெற்ற ஊர் அது. சிப்பிங் கேம்ப்டனில் 1627இல் கட்டிய சந்தைக் கூடம் இன்றும் தெருவில் நிற்கிறது. கதவு கிடையாது. சுற்றிலும் கல் வளைவுகள், மேலே கூரை, கீழே கால் பட்டுப் பட்டு மேடுபள்ளமான கல் தரை. வெண்ணெய், பாலாடைக்கட்டி, கோழி விற்க வந்தவர்கள் மழையில் நனையாதிருக்க பாப்டிஸ்ட் ஹிக்ஸ் என்ற செல்வர் கட்டிக்கொடுத்தது. நம் பக்கத்துச் சந்தைத் தோப்பில் கீற்றுக் கொட்டகை செய்யும் வேலையைத்தான் அது செய்தது. செய்த வேலை போய்விட்டது, கூடம் மட்டும் இருக்கிறது. இன்று அங்கே வெண்ணெய் வாங்க யாரும் போவதில்லை; வளைவுக்குள் நின்று படம் எடுத்துக்கொள்ளப் போகிறார்கள்.

இந்த ஊர்களின் கல்லும் மரமும் கம்பளிப் பணம். ஆட்டு ரோமத்தை விற்றும் துணி நெய்தும் சேர்த்த காசில் தேவாலயமும் வணிகர் வீடுகளும் எழுந்தன. பிறகு துணித்தொழில் வேறு பக்கம் நகர்ந்தது. சஃபோக்கிலுள்ள லாவன்ஹாம் 1520களின் வரிக் கணக்கில் இங்கிலாந்தின் செல்வச் செழிப்பான ஊர்களில் ஒன்று. அடுத்தடுத்த தலைமுறைகளில் அது நொடித்தது. பழைய மரச்சட்ட வீட்டை இடித்துவிட்டு நாகரிகமாகச் செங்கல்லில் கட்டிக்கொள்ளப் பலருக்கும் கையில் காசில்லை. சாய்ந்த வீடுகள் சாய்ந்தபடியே தங்கின. பர்ஃபர்டுக்கு ரயில் வரவே இல்லை. வந்திருந்தால் அந்தத் தெரு இப்படி இருந்திருக்காது. ஆக, இந்த அழகுக்கு முதல் காவல்காரன் வறுமை. சுற்றுலாப் பயணி வெகு பிந்தி வந்தவர்.

வறுமை விட்ட இடத்திலிருந்து சட்டம் பிடித்துக்கொண்டது. பழைய இடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பு 1895இல் தொடங்கியது. 1947இன் நகர ஊரமைப்புச் சட்டம் பழைய கட்டடங்களைப் பட்டியலிட வழி செய்தது. ஆனால் முக்கியமானது 1967இன் குடிமை வசதிச் சட்டம் என்பேன். அதுவரை காப்பு என்பது தனிக் கட்டடத்துக்கு. அதன்பிறகு ஒரு தெருவையே, ஒரு ஊரின் நடுப்பகுதியையே, பாதுகாப்புப் பகுதி என்று அறிவிக்க முடிந்தது. முதலில் அறிவிக்கப்பட்டது ஸ்டாம்ஃபர்ட் என்ற சந்தை ஊர். இன்று இங்கிலாந்தில் அப்படி ஏறத்தாழ 10,000 பகுதிகள். உள்ளூர் மன்றத்தைக் கேட்காமல் அங்கே கட்டடத்தை இடிக்க முடியாது. வளர்ந்த மரத்தை வெட்டக்கூட முன்கூட்டிச் சொல்ல வேண்டும். எரிச்சல்படும் சட்டம்தான். ஆனால் படத்தில் தெரிகிற ஒழுங்கு அந்த எரிச்சலிலிருந்து வந்தது.

இன்னொன்றும் உண்டு, படத்தில் தெரியாதது. வயல் ஓரமாக, வேலியில் படி வைத்து, தனியார் நிலத்தின் வழியாகவும் பொதுமக்கள் நடந்துபோகும் உரிமைப் பாதைகள் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்ந்து 1,40,000 மைல் அளவுக்கு இருக்கின்றன. அந்த உரிமை சும்மா கிடைத்ததல்ல. 1932இல் மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர்கள் கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டுநிலத்தில் தடையை மீறி நடந்தார்கள். சிலர் சிறை போனார்கள். 1949இல் சட்டம் வந்து பாதைகளை வரைபடத்தில் பதிவு செய்யச் சொன்னது. கிராமம் பார்க்கப் போகிறவர் அங்கே உண்மையில் அனுபவிப்பது இந்த நடையைத்தான்.

இனி செலவுப் பக்கம். பைபரியில் ஆர்லிங்டன் ரோ என்ற நெசவாளர் குடிசை வரிசை உலகம் முழுக்கப் பெயர்பெற்றது. சில நூறு பேர் குடியிருக்கும் ஊர். அங்கே பேருந்து பேருந்தாக ஆட்கள் இறங்கி, அரை மணி நேரம் படம் எடுத்து, ஒரு காப்பியோடு கிளம்பிவிடுகிறார்கள். 2025இல் பெரிய பேருந்துகள் ஊர் நடுவில் நிற்பதைக் கட்டுப்படுத்த வேண்டிய நிலை வந்தது. இந்த வட்டாரம் முழுவதும் வீட்டு விலை உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் நிற்கிறது. வாரக்கடைசிக்கு மட்டும் திறக்கும் வீடுகள் பல. நெசவாளி வாழ்ந்த குடிசை ஊரில் நெசவாளியும் இல்லை, பண்ணையாளும் இல்லை. சுவர் பிழைத்தது என்று சொல்லலாம். ஊர் பிழைத்தது என்று சொல்ல நாக்குக் கூசுகிறது.

இப்போது நம் பக்கம் வருவோம். வெதுருகுப்பம் எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் கிடையாது, இருக்கவும் காரணமில்லை. மண்டல அலுவலகம், மாந்தோப்பு, கேழ்வரகு, கரும்பு, பால் மாடு என்று நாள் ஓடும் ஊர். ஆனால் பக்கத்து மண்டலமான கார்வேட்டிநகரம் அப்படியில்லை. பொம்மராஜ பாளையம் என்று கிழக்கிந்தியக் கம்பெனிப் பதிவுகளில் வரும் சமஸ்தானத்தின் தலைநகரம் அது. 1802இல் கம்பெனி நிரந்தர சன்னது (உரிமைப் பத்திரம்) கொடுத்த வட ஆர்க்காட்டு ஜமீன்களில் ஒன்று. திருத்தணியும் புத்தூரும் அதன் எல்லைக்குள் இருந்தன. வேணுகோபாலன் மேல் 200க்கும் மேற்பட்ட தெலுங்குப் பதங்களை எழுதிய சாரங்கபாணி 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இந்த அரசவையில்தான் இருந்தார். வர்ணம் பாடுகிறவர்களுக்குக் கார்வேட்டிநகரம் கோவிந்தசாமய்யா பெயரைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இவ்வளவு இசை இருந்த ஊரை சென்னையிலிருந்து டிசம்பர் கச்சேரிக் கூட்டம் எட்டிக்கூடப் பார்க்காதது எனக்கு இன்னும் வியப்பு.

பர்ஃபர்டுக்கு நடந்ததேதான் கார்வேட்டிநகரத்துக்கும் நடந்தது. அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா போகும் ரயில் திருத்தணி, நகரி, புத்தூர் வழியாகப் போனது; தலைநகரம் ஓரத்தில் நின்றுவிட்டது. வியாபாரம் ரயிலோடு புத்தூருக்கும் நகரிக்கும் இறங்கிப் போனது. 1948இன் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தோடு ஜமீன் வருமானமும் நின்றது. குடியானவனுக்கு அது விடுதலை, சந்தேகமில்லை. ஆனால் அரண்மனைச் சுவருக்குச் சுண்ணாம்பு பூசிக்கொண்டிருந்த கையும் அன்றோடு நின்றது. வேறு யாரையும் அந்த வேலைக்கு யாரும் வைக்கவில்லை. அங்கே வறுமை வீட்டைக் காத்தது, சட்டம் வந்து பொறுப்பேற்றது. இங்கே வறுமை வந்தது, பொறுப்பேற்க ஆள் வரவில்லை. வித்தியாசம் இந்த ஒரு இடத்தில்தான்.

அதற்கு மேல் எல்லைக்கோடுகள். 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது இந்த ஜமீன் பகுதி அதில் சேர்ந்தது. 1960 ஏப்ரல் 1 அன்று, ம.பொ.சி. முதலியோரின் வட எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, படாஸ்கரின் எல்லைத் தீர்ப்புப்படி திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமானபோது புத்தூரும் நாராயணவனமும் அந்தப் பக்கம் போயின. கார்வேட்டிநகரமும் வெதுருகுப்பமும் சித்தூரிலேயே இருக்கின்றன. ஒரே ஜமீனின் கோயிலும் குளமும் சந்தையும் இன்று இரண்டு மாநிலம், மூன்று மாவட்டம். இந்த வட்டாரத்தை ஒன்றாக வைத்துத் திட்டம் போடும் மேசை எங்கும் கிடையாது.

ஆள் வந்தால் ஊர் பிழைக்கும் என்ற இரண்டாவது துணிபைச் சோதிக்க இதைவிட நல்ல வட்டாரம் கிடைக்காது. திருமலைக்கு ஒரு சாதாரண நாளில் அறுபது, எழுபதாயிரம் பேர் வருகிறார்கள். பயணிக்குப் பஞ்சமே இல்லாத இடம் இது. அப்படியானால் பயணிகள் அதிகம் போன இடம் நன்றாகவும், போகாத இடம் சிதைந்தும் இருக்க வேண்டும். இருக்கிறதா?

காளஹஸ்தியை எடுத்துக்கொள்வோம். ராகு கேது பூஜைக்கு நாள் தவறாமல் கூட்டம். வருமானத்துக்குக் குறைவில்லை. கிருஷ்ணதேவராயர் 1516இல் எழுப்பிய ஏழு நிலை ராஜகோபுரத்தில் விரிசல் கண்டது ஊருக்கே தெரியும். ஆனாலும் 2010 மே 26 இரவு அது சரிந்து மண்ணானது. மறுபடி கட்டி 2017இல் குடமுழுக்கும் ஆயிற்று. புதிய கோபுரம் கம்பீரமாக இருக்கிறது. 1516 அதில் இல்லை. இத்தனை லட்சம் கண்கள் அண்ணாந்து பார்த்த கோபுரத்தை அந்தக் கண்கள் தாங்கிப் பிடிக்கவில்லை.

எதிர்ப்பக்கம் குடிமல்லம். ஏர்ப்பேடு பக்கம் வயல்களுக்கு நடுவே சின்னக் கோயில். பரசுராமேஸ்வரர் சந்நிதி தரைமட்டத்துக்குக் கீழே இறங்கியிருக்கிறது. ஐந்தடி உயரக் கல். அதன் முன்புறத்தில் ஒரு கையில் ஆட்டுக்கடாவும் மறு கையில் கெண்டியும் தோளில் மழுவுமாக வேடன் போல நிற்கும் சிவன். காலடியில் குள்ள யட்சன். கிறிஸ்துவுக்கு முந்தையது என்பார் பலர், அவ்வளவு பழமையில்லை என்று மறுப்பாரும் உண்டு. எப்படியானாலும் இந்த நாட்டின் மிகப் பழைய சிவலிங்கங்களில் ஒன்று. கூட்டம்? திருமலையின் ஒரு மணி நேரக் கூட்டம்கூட இங்கே ஒரு மாதத்தில் வராது என்று தோன்றும். இருந்தும் கல் பத்திரமாக இருக்கிறது. காரணம், இந்தியத் தொல்லியல் துறையின் பட்டியலில் அது இருப்பதும், கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஒருவர் இருப்பதும்தான். சந்திரகிரிக் கோட்டையின் ராஜமகாலும் அப்படியே. விஜயநகரத்தின் கடைசி அரசர்கள் இருந்த ஊர். சென்னைப் பட்டினத்து நிலத்தை 1639இல் தாமர்ல வேங்கடாத்ரி கம்பெனிக்குக் கொடுத்ததை 1645இல் உறுதி செய்த ஸ்ரீரங்கராயர் அந்த வழியில் வந்தவர். மூன்று அடுக்கு மாளிகை இன்று தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். மாளிகை நிற்கிறது, வெள்ளிக்கிழமை விடுமுறை உட்பட எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. அதே சந்திரகிரியின் பழைய தெருக்களுக்கு அந்த ஒழுங்கு கிடையாது.

ஏனென்றால் நம் சட்டம் நினைவுச்சின்னத்தை மட்டும் பார்க்கிறது. 1958இன் மத்தியச் சட்டமும், ஆந்திரத்தின் 1960ஆம் ஆண்டுச் சட்டமும் காப்பது அறிவிக்கப்பட்ட கட்டடத்தையும் தலத்தையும். 2010 திருத்தம் 100 மீட்டருக்குள் கட்டக்கூடாது என்று சுற்றுவட்டம் போட்டது. அந்த வட்டத்துக்குள் இருக்கும் பழைய திண்ணை வீட்டைக் காப்பது அதன் நோக்கமல்ல. கோயில் உண்டு, கோட்டை உண்டு, ஊர் என்ற பொருள் சட்டத்தில் இல்லை. பர்ஃபர்டைப் பர்ஃபர்டாக வைத்திருக்கும் அந்த 1967 பிடி நம்மிடம் இல்லை.

தேவஸ்தானம் இருக்கிறதே என்று ஒரு பதில் வரும். நியாயமான பதில். நாராயணவனத்துக் கல்யாண வேங்கடேசர், நாகலாபுரத்து வேதநாராயணர், அப்பலாயகுண்டா, கார்வேட்டிநகரத்து வேணுகோபாலர் எல்லாம் இன்று திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் பொறுப்பில் இருப்பதால்தான் அங்கே ஆறு கால பூஜையும் பிரம்மோற்சவமும் தடையில்லாமல் நடக்கின்றன. நாகலாபுரத்தில் பங்குனி வாக்கில் மாலைச் சூரியன் நேராகக் கருவறைக்குள் விழும் நாட்களில் நிற்கக்கூட இடமிருக்காது. நாராயணவனம் பத்மாவதி கல்யாணம் நடந்த ஊர் என்பதால் திருமணம் கூடிவராதவர்கள் தேடி வருவார்கள். 1902இல் சமாதியான சுரைக்காய் சித்தரை வணங்கச் சென்னையிலிருந்து வருகிறவர்கள் தனிக் கூட்டம். இதெல்லாம் தேவஸ்தானத்தின் வரவு.

பற்றுப் பக்கமும் எழுத வேண்டும். தேவஸ்தானத்துக்குக் கோயில் என்றால் வழிபாடு, வரிசை, பிரசாதம். எஃகுக் குழாய் வேலி, வழவழப்பான பளிங்குத் தரை, ஒரே மாதிரித் தூண் வண்ணம் என்று எல்லாக் கோயிலும் சின்னத் திருமலை ஆகிவிடுகிறது. பழைய கல்தளத்தில் வெறுங்காலோடு நடந்தவருக்குத் தெரியும் இழப்பு என்னவென்று. அதைவிட, கோயில் மதிலோடு அவர்கள் பொறுப்பு முடிகிறது. மதிலுக்கு வெளியே மாடவீதி யாருடையது, தேர்முட்டி யாருடையது, குளத்துக்கு நீர் வரும் கால்வாய் யாருடையது என்று கேட்டால் பஞ்சாயத்து, வருவாய்த் துறை, நீர்ப்பாசனம் என்று விரல் சுற்றும். கார்வேட்டிநகரத்தின் ஸ்கந்த புஷ்கரணி இதற்குச் சாட்சி. நான்கு பக்கமும் படிப்படியாக இறங்கும், ஒரு ஜமீனுக்கு மிஞ்சிய பெருங்குளம். தென்னாட்டின் நல்ல படிக்கட்டுக் குளங்களோடு சேர்த்து எண்ணத் தக்கது. திருப்பதியிலிருந்து சுற்றுக்கோயில் பார்க்க வருகிறவர்கள் வேணுகோபாலரைச் சேவித்துவிட்டு, வண்டி ஏறும் முன் அதை ஓரக்கண்ணால் பார்ப்பதோடு சரி.

பயணிகளின் ரசனையே ஊருக்குக் கேடாகவும் முடியும். காரைக்குடியில் செட்டிநாட்டு வீடுகள் விடுதிகளானது நல்ல செய்தி. அதே காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் இடித்த வீடுகளின் தேக்குத் தூணும் கதவும் விலைக்கு நிற்கின்றன. வீட்டைப் பார்த்து மயங்கியவரும் தூணை வாங்கியவரும் பலமுறை ஒரே ஆள்தான்.

அப்படியானால் எதுதான் ஊரைத் தாங்குகிறது? தொழில். காளஹஸ்தியில் கோபுரம் விழுந்தது, கலம்காரி விழவில்லை. எழுதுகோல் மூங்கில் குச்சி. நுனியைச் சீவி, சற்று மேலே கம்பளியும் துணியும் சுற்றிக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவார்கள். சாயத்தில் முக்கி எடுத்தால் பஞ்சுப்பகுதி அதை உறிஞ்சிக்கொள்ளும். விரலால் அழுத்த அழுத்த நுனிக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். துணியை முதலில் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த கரைசலில் நனைத்துக் காய வைக்கிறார்கள். பாலின் கொழுப்பு கோடு பரவாமல் பிடித்துக்கொள்கிறது. கறுப்புக்குத் துருப்பிடித்த இரும்பும் வெல்லமும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறிப் புளிக்க வேண்டும். அந்த நீர் கோடு இழுக்கும்போது சோகையாகத்தான் இருக்கும். கடுக்காய்த் துணியில் பட்ட பிறகு கண்ணெதிரே கறுக்கும். அப்புறம் படிகாரம், சிவப்பு, மஞ்சள், நீலம். ஒவ்வொரு படிக்கும் இடையே அலசல். அலச ஓடும் தண்ணீர் வேண்டும், அதற்கு சுவர்ணமுகி ஆறு வேண்டும். 1957இல் கமலாதேவி சட்டோபாத்யாய முயற்சியில் பயிற்சி மையம் தொடங்கியிராவிட்டால் இந்தக் கை அன்றே நின்றிருக்கும். 2005இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இங்கே ஆள் வருவதால் பயன் உண்டு. வந்தவர் துணி வாங்குகிறார், அந்தக் காசு கடுக்காய்க்கும் கூலிக்கும் போகிறது. ஆனால் ஆறு வறண்டால் எந்தப் பயணியாலும் துணி அலச முடியாது.

புத்தூர் இன்னும் நல்ல உதாரணம். 1881 முதல் அந்தப் பக்கத்தில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிறார்கள். பச்சிலை, முட்டை, துணி, மூங்கில் பட்டை. தமிழ்நாட்டில் எந்த ஊர்ச் சுவரிலும் புத்தூர் கட்டு என்ற எழுத்தைப் பார்க்கலாம். தோல் கிழிந்து எலும்பு வெளியே வந்த காயத்துக்கு நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும், அதில் தர்க்கம் வேண்டாம். ஆனால் ஊர் என்ற கணக்கில் பாருங்கள்: ஆட்டோக்காரர், சாப்பாட்டுக் கடை, தங்கும் அறை, மருந்து இலை பறிப்பவர் என்று ஒரு கைவினையைச் சுற்றிப் பல குடும்பங்கள் பிழைக்கின்றன. யாரும் புத்தூரை அழகு என்று சொன்னதில்லை. 2021இல் ஐ.நா. சுற்றுலா அமைப்பின் சிறந்த கிராமப் பட்டியலில் இடம்பிடித்த தெலங்கானத்தின் போச்சம்பள்ளிக்கும் இதே கதைதான். தறி முதலில், விருது பிறகு.

சந்தை ஊர் என்று தேடினால் ஜூன், ஜூலையில் தாமலசெருவுக்கோ பங்காருபாளையத்துக்கோ போக வேண்டும். மாங்காய் டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கும், மண்டியில் ஏலம் போகும், கூழ் ஆலை முன்னால் இரவெல்லாம் காத்துக் கிடப்பார்கள். 2025இல் தோத்தாபுரி விலை படுத்தது. ஆலைக்காரர் கிலோவுக்கு 8 ரூபாய், அரசு மேலே 4 ரூபாய் என்று 12 ரூபாய் கிடைக்க ஏற்பாடு செய்தார்கள். அதுவும் கைக்கு வந்து சேரப் பாடு. ஆட்டு ரோமத்துக்கு விலை இருந்தபோது பர்ஃபர்டும் இப்படித்தான் நாறியிருக்கும், சத்தமாக இருந்திருக்கும். நாற்றமும் சத்தமும் போன பிறகுதான் அது பார்க்கத் தக்க ஊரானது. நமக்கு அந்த நிலை வர வேண்டும் என்று ஆசைப்படுகிறவர் முதலில் மண்டிக்குப் போய் ஒரு நாள் நிற்கட்டும்.

பழைய ஊரின் அழகு யாருடைய அழகு என்ற கேள்வியையும் விட்டுவிட முடியாது. இங்கே அக்கிரகாரமும் மாடவீதியும் எல்லாரும் செருப்போடு நடந்த தெருக்கள் அல்ல. ஊர் ஒரு பக்கம், ஹரிஜனவாடா ஒரு பக்கம் என்று இன்றும் பலகையிலேயே எழுதியிருக்கிறது. பாரம்பரியத் தெரு என்று ஒன்றைக் காக்கப் போனால் அந்தப் பிரிவினையையும் சேர்த்து மெருகேற்றிவிடக் கூடாது. இங்கிலாந்திலும் குறை இல்லாமலில்லை. காட்ஸ்வோல்ட்ஸின் மோர்ட்டன் இன் மார்ஷ் ஊருக்குப் பக்கத்தில் செசின்கோட் என்ற மாளிகை இருக்கிறது. 1805 வாக்கில் சார்லஸ் காக்ரெல் கட்டியது. உச்சியில் முகலாயக் குவிமாடம். கம்பெனி உத்தியோகத்தில் இந்தியாவில் சேர்த்த சொத்து. கார்வேட்டிநகரம் கம்பெனி சன்னதின்படி பேஷ்கஷ் என்ற கப்பம் கட்டத் தொடங்கிய அதே காலம். நம் பிள்ளைகள் அனுப்பும் படங்களில் அந்தக் குவிமாடமும் வருகிறது, யாரும் இரண்டையும் முடிச்சுப் போடுவதில்லை.

என் தீர்ப்பு இது. கார்வேட்டிநகரம் பர்ஃபர்ட் ஆக வேண்டாம்; ஆகவும் முடியாது. அந்த ஊர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளத் தக்கவை இரண்டு. ஒன்று, கட்டடத்தை விட்டுத் தெருவையும் குளத்தையும் வாய்க்காலையும் சேர்த்துக் காக்கும் சட்டம். அதை ஆந்திரச் சட்டமன்றம் செய்யலாம், தமிழகமும் செய்யலாம், யாரும் தடுக்கவில்லை. இரண்டு, நடைபாதை உரிமை. வெதுருகுப்பத்திலிருந்து கார்வேட்டிநகரத்துக்கு மாந்தோப்புகளுக்கு ஊடாக நடந்துபோனால் கிடைக்கும் இன்பத்துக்கு எந்தக் காட்ஸ்வோல்ட்ஸும் ஈடாகாது. ஆனால் கிராம வரைபடத்தில் இருக்கும் வண்டிப்பாதைகளில் எத்தனை இன்று முள்வேலிக்குள் போயிருக்கின்றன என்று சர்வேயரைக் கேட்டால் தெரியும். வேண்டாதவை: அரைமணிப் பேருந்துக் கூட்டம், வாரக்கடைசி வீடு, ஆளில்லாத அழகு.

இப்போதைய நிலையில் ஊர்களைத் தனித்தனியே தரம் சொல்லச் சொன்னால், குடிமல்லமும் சந்திரகிரியும் தேறும். காளஹஸ்தி கலம்காரிக்காகத் தேறும், காப்புக்காகத் தேறாது. நாராயணவனமும் நாகலாபுரமும் பக்தருக்குப் போதும், ஊர் பார்க்க வருகிறவருக்கு அரைகுறை. கார்வேட்டிநகரம் இன்று தேறவில்லை. குளத்துக்கு ஒரு பொறுப்பாளர், அரண்மனையில் மிஞ்சியதற்கு ஒரு பட்டியல், பெண்கள் போகத் தக்க கழிப்பறை, சாரங்கபாணி பெயரில் ஆண்டுக்கு ஒரு இசைவிழா, இவ்வளவு நடந்தால் தேறும். பெரிய தொகை ஒன்றும் ஆகாது.

அதுவரை போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். புத்தூரில் இறங்கினால் பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான். கோயிலோடு திரும்பாமல் குளத்துப் படியில் இறங்கிப் பாருங்கள், சந்தை நாள் எது என்று கடையில் கேட்டு அந்த நாளில் போங்கள், மதியத்துக்கு ராகி சங்கட்டியும் கோழிக்குழம்பும் ஊரிலேயே சாப்பிடுங்கள். திரும்பி வந்ததும் குளத்துக்குப் பொறுப்பு யார் என்று சித்தூர் மாவட்ட ஆட்சியருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.